கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது வேலை மாறலாமா? எந்தக் கட்டத்தில் எது நல்லது

அமெரிக்காவில் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு நல்ல ஆஃபர் ஒன்று வந்தால், சந்தோஷத்துக்கு முன்னால் பயம் வந்து நிற்கிறது. கிரீன் கார்டு ப்ராசஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது மாறினால் எல்லாம் கெட்டுவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்திலேயே ஒரே டீமில், ஒரே பதவியில் பல வருடங்களைக் கழித்தவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சட்டம் எப்போதோ கதவைத் திறந்து வைத்திருந்தது. இன்னும் சிலர் நகரக் கூடாத நேரத்தில் நகர்ந்து, எச்-1பியின் ஆறு வருட வரம்பு முடிந்து மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. இரண்டையும் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவானது: மாறலாமா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் தலைகீழாக மாறும்.

முதலில் வரிசையின் கணக்கு. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள். ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உச்சவரம்பு. அப்படியானால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் விட்டது போக, 9,800 தான். மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லோரும் இந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். எந்தத் தேதி வரை வரிசை வந்திருக்கிறது என்று அரசு மாதாமாதம் வெளியிடும் அறிவிப்புதான் விசா புல்லட்டின். 2025 அக்டோபர் புல்லட்டினில் இந்திய இபி-2 (முதுகலைப் பட்டம் அல்லது இணையான தகுதி கேட்கும் வேலைகள்) வரிசை 2013 ஏப்ரல் 1-இல் நின்றது. இபி-3 (இளங்கலைப் பட்டம் போதுமான வேலைகள் போன்றவை) வரிசை 2013 ஆகஸ்ட் 22-இல். தேதி முன்னால் மட்டுமே போகும் என்றும் நம்ப முடியாது. 2022 செப்டம்பரில் 2014 டிசம்பர் வரை வந்த இபி-2, அடுத்த மாதமே 2012 ஏப்ரலுக்குப் பின்வாங்கியது. ஆகவே பிரையாரிட்டி டேட் (வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) 2017, 2018 என்று இருப்பவர்கள் "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் போவோம்" என்று பிடிக்காத வேலையில் உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. அந்தக் "கொஞ்ச நாள்" எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, கட்டங்களுக்கு வருவோம். படிகள் மூன்று: கம்பெனி அந்த வேலைக்காகத் தொழிலாளர் துறையிடம் வாங்கும் பெர்ம், உங்களுக்காகக் குடியேற்றத் துறையிடம் போடும் ஐ-140 மனு, வரிசை வந்ததும் நீங்கள் போடும் ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம்.

ஐ-140 இன்னும் வரவில்லை

இந்தக் கட்டத்தில் என் சாய்வு வெளிப்படையானது: முடிந்தால் இருந்துவிடுங்கள். பெர்ம் என்கிற லேபர் சர்ட்டிஃபிகேஷன் அந்தக் கம்பெனிக்கும் அந்த வேலைக்கும் உரியது. பாதியில் கிளம்பினால் விளம்பரம், சம்பள நிர்ணயம் என எல்லாமே புதுக் கம்பெனியில் முதலிலிருந்து தொடங்கும். பெர்ம் தாக்கல் செய்த நாள்தான் உங்கள் பிரையாரிட்டி டேட். ஐ-140 அப்ரூவ் ஆகாமல் போனால் அந்தத் தேதியும் உங்களுடையது ஆகாது.

எச்-1பி-யில் முதல் இரண்டு, மூன்று வருடத்தில் இருப்பவர் இந்த இழப்பைத் தாங்கலாம். முன்னேறவே வழியில்லாத இடம் என்றால் தாராளமாக மாறட்டும். நான்காம் வருடத்தைத் தாண்டியவருக்கு நிலைமை வேறு. ஆறு வருட வரம்புக்கு மேல் ஒரு வருட நீட்டிப்பு வேண்டுமென்றால் பெர்ம் அல்லது ஐ-140 தாக்கலாகி 365 நாள் ஆகியிருக்க வேண்டும். மூன்று வருட நீட்டிப்புக்கு ஐ-140 அப்ரூவ் ஆகியிருக்க வேண்டும். புதுக் கம்பெனி "சேர்ந்து ஒரு வருடம் கழித்து கிரீன் கார்டு தொடங்குவோம்" என்று கொள்கை வைத்திருந்தால், ஐந்தாம் வருடத்தில் சேர்பவருக்கு அந்தக் கணக்கு ஒத்தே வராது. வெளிநாட்டில் கழித்த நாட்களை ஆறு வருடத்திலிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் ஊருக்குப் போய்வந்த விடுமுறைகளைக் கூட்டினால் அது சில மாதங்களுக்கு மேல் தேறாது.

ஐ-140 அப்ரூவ் ஆகிவிட்டது, ஐ-485 போட முடியவில்லை

நம்மில் பெரும்பாலானோர் நிற்கும் இடம் இது. தேவையில்லாத பயம் அதிகம் இருப்பதும் இங்கேதான்.

2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி, ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் கடந்துவிட்டால் பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும், கம்பெனியையே மூடினாலும், அதனால் மட்டும் அது ரத்தாகாது என்று சொல்கிறது. மோசடி, அரசின் தவறு போன்ற காரணங்கள் வேறு. பிரையாரிட்டி டேட் உங்களோடு வரும். அந்த ஐ-140-ஐக் காட்டிப் புதுக் கம்பெனி மூன்று வருட எச்-1பி நீட்டிப்பு வாங்கலாம். புது மனு தாக்கல் ஆனவுடனேயே வேலையில் சேரலாம் என்பதற்கு 2000-ஆம் ஆண்டின் ஏசி-21 சட்டமே இடம் கொடுக்கிறது. 180 நாளுக்குள் கம்பெனி திரும்பப் பெற்றால்கூட தேதி தங்கும். நீட்டிப்புக்கு அந்த ஐ-140 உதவாது என்பதுதான் அங்கே இழப்பு. ஆகவே அப்ரூவல் வந்து நாலு மாதம் ஆன நிலையில் ஆஃபர் வந்தால், சேரும் தேதியை இரண்டு மாதம் தள்ளிக் கேளுங்கள். பெரும்பாலான ஹெச்ஆர் ஒப்புக்கொள்வார்கள்.

இங்கே இருப்பதா, மாறுவதா என்று எடை போட்டால் மாறுவதன் விலை ஒன்றுதான்: புதுக் கம்பெனி மறுபடியும் பெர்மும் ஐ-140-யும் போட வேண்டும். தேதி பழையதாகவே இருந்தாலும், ஐ-485 போடும் நாளில் ஒரு கம்பெனியின் வேலை வாய்ப்பு பின்னால் நிற்க வேண்டும். பழைய கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் பழைய ஐ-140-யே போதும், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. அதனால் இன்டர்வியூவின் கடைசி ரவுண்டில் கேட்க வேண்டிய கேள்வி, "கிரீன் கார்டு ஸ்பான்சர் செய்வீர்களா" என்பது மட்டும் போதாது. அதற்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். "எப்போது பெர்ம் தொடங்குவீர்கள், கடந்த ஆறு மாதத்தில் என் வேலைப் பிரிவில் லே ஆஃப் நடந்ததா" என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்குள் அதே தொழிலில் ஆள் குறைத்திருந்தால், நீக்கப்பட்ட அமெரிக்கத் தொழிலாளர்களுக்குத் தகவல் சொல்லி அவர்களைப் பரிசீலித்ததைக் கம்பெனி காட்ட வேண்டும். 2023-இல் பெரிய டெக் கம்பெனிகள் சில பெர்மையே நிறுத்தி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சம்பளம் உயர்ந்து, பெர்ம் இரண்டு வருடம் நின்றுபோனால், தேதி திறக்கும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று. ஐ-140 அப்ரூவல் நோட்டீஸைப் பல கம்பெனிகள் ஊழியரிடம் கொடுப்பதில்லை. ரசீது எண்ணையாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருட நீட்டிப்புக்கு அந்த எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் தகவல் அறியும் சட்டத்தின்படி அரசிடமே கேட்டு வாங்கலாம். நேரம் பிடிக்கும், அதனால் வேலை தேடத் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் நான் "இருங்கள்" என்று சொல்வது ஒரே வகையினருக்கு: பிரையாரிட்டி டேட் புல்லட்டினை நெருங்கிவிட்டவர்கள். ஒரு வருடத்துக்குள் ஐ-485 போட வாய்ப்புத் தெரிகிறதென்றால், இன்றைய கம்பெனியிலேயே இருந்து அதைப் போட்டுவிடுவது பெரிய லாபம். இபி-2, இபி-3 தேதிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டே இருக்கும். அதே பெர்மை வைத்து இபி-3-யில் இன்னொரு ஐ-140 போட உங்கள் கம்பெனியால் முடியும், புதுக் கம்பெனியால் முடியாது. 2020 அக்டோபரில் இபி-3 தாக்கல் தேதி (ஐ-485 போட மட்டும் அனுமதிக்கும் புல்லட்டின் தேதி) 2015 ஜனவரி வரை திறந்தபோது, இப்படி வகை மாறித்தான் ஏராளமானோர் ஐ-485 போட்டார்கள். அந்த நேரத்தில் பெர்ம் இல்லாத புது வேலையில் இருந்தவர்கள் வெளியே நின்று பார்த்தார்கள்.

ஐ-485 போட்டு 180 நாள் ஆகிவிட்டது: ஈஏடியா, எச்-1பியா?

ஏசி-21 கொடுத்த பெரிய உரிமை இங்கே கைக்கு வருகிறது. ஐ-485 நிலுவையில் 180 நாள் ஆனபின், "அதே அல்லது அதுபோன்ற" தொழிலில் எந்தக் கம்பெனிக்கும் மாறலாம். பெர்ம் மறுபடி வேண்டாம், ஐ-140 மறுபடி வேண்டாம். சப்ளிமென்ட்-ஜே என்ற படிவம் மட்டும் போதும். சொந்தத் தொழில்கூட, உண்மையான வேலையாக இருந்தால், இதில் அடங்கும்.

"அதுபோன்ற" என்பதை எப்படி அளப்பது? வேலையின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெர்மில் எழுதிய கடமைகளையும் புது ஆஃபரின் கடமைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சாஃப்ட்வேர் டெவலப்பராக (தொழிலாளர் துறையின் வகைப்பாட்டில் 15-1252) இருந்தவர் அதே துறையில் டெவலப்பர்களை நடத்தும் மேனேஜராக (11-3021) உயர்ந்தால், எண்ணின் முதல் இலக்கங்களே வேறாக இருந்தும், இயல்பான பதவி உயர்வு என்று ஏற்க வழி உண்டு. 2016-இல் குடியேற்றத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் அதைச் சொல்கிறது. டெவலப்பர் ஒருவர் மார்க்கெட்டிங் மேனேஜர் ஆனால் வாதாடுவது கஷ்டம்.

இனி பலரும் குழம்பும் இடம். புதுக் கம்பெனியில் ஈஏடி (ஐ-485 நிலுவையில் இருப்பவருக்குக் கிடைக்கும் வேலை அனுமதி) அட்டையைக் காட்டிச் சேர்வதா, எச்-1பி டிரான்ஸ்ஃபர் கேட்பதா?

ஈஏடியின் பக்கம் நியாயங்கள் பலமானவை. கம்பெனிக்குச் செலவில்லை, அதனால் சின்ன ஸ்டார்ட்அப்பும் எடுத்துக்கொள்ளும். இரண்டு இடத்தில் வேலை செய்யலாம், சொந்தமாகத் தொடங்கலாம். வேலை போனாலும் எச்-1பியில் இருப்பவருக்கு உள்ள 60 நாள் கெடு இல்லை. ஐ-485 நிலுவையில் இருக்கும்வரை தங்கலாம். கிரீன் கார்டு முடிவாகும் நேரத்தில் பொருந்தும் வேலை ஒன்று கையில் இருந்தால் சரி.

அப்படியும் நான் எச்-1பி பக்கமே சாய்கிறேன். காரணங்கள் மூன்று.

முதலாவது, ஈஏடியில் சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் எச்-1பி நிலையில் இல்லை. உங்களைத் தாங்குவது நிலுவையில் இருக்கும் அந்த ஐ-485 ஒன்றுதான். ஏதோ ஒரு காரணத்தால் அது மறுக்கப்பட்டால், காலின் கீழ் எதுவுமில்லை. எச்-1பியைக் காத்து வைத்தவர் மறுப்புக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம், மறுபடியும் போடலாம்.

இரண்டாவது, ஈஏடியின் மதிப்பு அண்மையில் குறைந்துவிட்டது. புதுப்பிக்க மனுப் போட்டால் தானாகக் கிடைத்துவந்த 540 நாள் நீட்டிப்பு, 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் மனுக்களுக்கு இல்லை. ஐந்து வருடம் வரை செல்லுபடியாகும்படி வந்துகொண்டிருந்த அட்டை, 2025 டிசம்பர் 5-க்குப் பின் பதினெட்டு மாதம் என்று சுருங்கியது. அட்டை முடியும் நாளுக்குள் புது அட்டை வரவில்லையென்றால் அன்றிலிருந்து வேலை செய்யக் கூடாது. எச்-1பி நீட்டிப்பை நேரத்துக்குள் தாக்கல் செய்தால், முடிவு வரும்வரை அதே கம்பெனியில் 240 நாள் வேலை செய்யலாம். அவசரத்துக்குப் பிரீமியம் ப்ராசஸிங்கும் உண்டு.

மூன்றாவதுதான் எனக்கு மனதைப் பிசைவது. 2020 அக்டோபரில் ஐ-485 போட்டவர்களில் அன்று கல்யாணம் ஆகாதவர்கள் நிறைய. ஒரு நண்பரின் தம்பி அப்படித்தான். ஈஏடி வந்த சந்தோஷத்தில் எச்-1பியை விட்டுவிட்டு ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தார். அப்புறம் மதுரையில் பெண் பார்த்தார்கள், கல்யாணம் ஆனது. அதற்குள் தேதி பின்வாங்கிவிட்டது. மனைவியால் ஐ-485 போட முடியவில்லை. எச்-4 என்ற துணைவர் விசாவில் வருவதற்குக் கணவர் எச்-1பியில் இருக்க வேண்டும், அவரோ ஈஏடியில். எச்-1பி மனுப் போட ஒப்புக்கொள்ளும் வேறொரு கம்பெனியைத் தேடிப் பிடித்து, திரும்ப அந்த நிலைக்கு வந்து, பிறகுதான் மனைவியை அழைத்துவர முடிந்தது. புதுக் குடித்தனத்தின் முதல் வருடம் வாட்ஸ்அப்பில் கழிந்தது. கல்யாணம் ஆகாதவர்கள், மனைவியோ கணவரோ ஐ-485 போடாத நிலையில் இருப்பவர்கள், எச்-1பியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் எச்-1பி கொடுக்கும் கம்பெனியையே தேர்ந்தெடுங்கள். கிரீன் கார்டு அப்ரூவ் ஆகும் நாளுக்கு முன்பே கல்யாணம் நடந்திருப்பதும் முக்கியம்; பின்பு நடந்தால் துணைவர் வேறொரு வரிசையில் நிற்க வேண்டிவரும்.

குடும்பம் முழுவதும் ஐ-485 போட்டாயிற்று, தொழில் தொடங்க வேண்டும் என்ற ஆசை வலுவாக இருக்கிறது என்றால், ஈஏடியில் இறங்குவது ஏற்கத்தக்க துணிச்சல். ஈஏடியையும் அட்வான்ஸ் பரோல் என்ற பயண அனுமதியையும் ஆறு மாதத்துக்கு முன்பே புதுப்பிக்கப் போடுங்கள். எச்-1பியில் இருப்பவர் அதே விசாவில் ஊருக்குப் போய்வரலாம். ஈஏடியில் இருப்பவர் அட்வான்ஸ் பரோல் கையில் இல்லாமல் விமானம் ஏறினால் ஐ-485-ஐக் கைவிட்டதாகவே கருதுவார்கள்.

வரிசையையே மாற்றும் வழிகள்

வேலை மாற்றம் என்றவுடன் சம்பளமும் பதவியும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. வகை மாறும் வாய்ப்பைப் பலர் பார்ப்பதில்லை. பழைய பிரையாரிட்டி டேட்டை இபி-1-க்கும் (அசாதாரணத் திறமையாளர், பன்னாட்டுக் கம்பெனி மேனேஜர் போன்றோருக்கான வகை) கொண்டு போகலாம். 2025 அக்டோபரில் இந்திய இபி-1 2022 பிப்ரவரியில் இருந்தது. அதாவது 2016 தேதியுள்ள ஒருவருக்கு இபி-1 மனு அப்ரூவ் ஆனால் காத்திருப்பே இல்லை. பன்னாட்டுக் கம்பெனி ஒன்றின் சென்னை அல்லது பெங்களூரு கிளையில் ஒரு வருடமாவது மேனேஜராக இருந்து, பின் அதே குழுமத்தின் அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்றலாகி வருவது இதற்கான ஒரு பாதை. வீட்டையும் பிள்ளைகளின் பள்ளியையும் பெயர்க்க வேண்டியிருக்கும். பெயர்க்க மனமிருந்தால், இன்னொரு எச்-1பி கம்பெனிக்கு மாறுவதைவிட இது எத்தனையோ வருடங்களை மிச்சப்படுத்தும். ஆனால் ஊரிலிருந்து எச்-1பியிலேயே திரும்பலாம் என்ற கணக்கில் கிளம்ப வேண்டாம். 2025 செப்டம்பர் அதிபர் அறிவிப்பு, வெளிநாட்டில் இருப்பவருக்குப் போடும் புது எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வைத்தது. கிளம்பும் முன் அது அன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு வழிக்கு வேலை மாற்றமே தேவையில்லை. வரிசையை நிர்ணயிப்பது பிறந்த நாடு, குடியுரிமை அல்ல. துணைவர் பிறந்த நாட்டின் வரிசையிலும் நிற்கலாம். தமிழ்க் குடும்பங்களில் மனைவி குவைத்திலோ மஸ்கட்டிலோ துபாயிலோ பிறந்தவராக இருப்பது எவ்வளவு சாதாரணம்! அப்பா வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் பிறந்து, இரண்டு வயதில் திருச்சிக்கு வந்து, இந்திய பாஸ்போர்ட்டோடு வளர்ந்தவர். இலங்கையிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்த துணைவருக்கும் இதே விதிதான். அந்தப் பிறப்புச் சான்றிதழ் பல வருட வரிசையைச் சில மாதங்களாக்கலாம். இது தெரியாமல் வரிசையில் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த எல்லாத் தம்பதியரிடமும் தயவுசெய்து கேளுங்கள். அப்படிப்பட்ட தம்பதியர் வேலை மாற நினைத்தால், ஐ-485 போட்டு 180 நாள் ஆகும்வரை நகர வேண்டாம்.

லே ஆஃப் ஆனால்

இங்கே தேர்வு உங்கள் கையில் இல்லை, நாட்கள்தான் இருக்கின்றன. எச்-1பியில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) முடியும் தேதி, எது முதலில் வருகிறதோ அது. கணக்கு வேலையின் கடைசி நாளிலிருந்து தொடங்கும். கம்பெனி கொடுக்கும் நிவாரணச் சம்பளம் மூன்று மாதத்துக்கு வந்தாலும் 60 நாள் நீளாது. அதற்குள் புதுக் கம்பெனியின் எச்-1பி மனு தாக்கலாக வேண்டும், அல்லது துணைவரின் விசாவைச் சார்ந்த எச்-4 போன்ற நிலைக்கு மாற மனுப் போட வேண்டும். துணைவரும் எச்-1பியில் இருந்தால் எச்-4 மாற்றம்தான் நிதானமான வழி. ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தால் பின்னாளில் எச்-1பிக்குத் திரும்ப லாட்டரியும் தேவையில்லை. சுற்றுலா விசாவுக்கு மாற மனுப் போட்டு நேரம் வாங்குவது சட்டப்படி முடியும். ஆனால் புது வேலை வரும்போது முடிவு சிக்கலாகிவிடுவதுண்டு, அதனால் அதைக் கடைசியாக வையுங்கள்.

ஐ-94 என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஐ-797 என்ற அப்ரூவல் நோட்டீஸின் அடிப்பகுதியில் 2028 என்று இருக்கும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது பாஸ்போர்ட் 2026-இல் முடிவதாக இருந்தால், விமான நிலையத்தில் அதிகாரி 2026 வரைக்குமே ஐ-94 கொடுப்பார். பலர் ஐ-797-ஐ மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். கடைசியாகக் கொடுக்கப்பட்ட தேதிதான் செல்லும். ஒவ்வொரு முறை நாட்டுக்குள் நுழைந்ததும் இணையதளத்தில் ஐ-94-ஐ இறக்கிப் பாருங்கள். வேலை மாறும் மனுவில் இந்தத் தேதி தவறினால் டிரான்ஸ்ஃபரே சிக்கலாகும்.

யாரிடம் கேட்பது

கம்பெனி வக்கீல் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் கம்பெனியை விட்டுப் போகும் திட்டத்தை அவரிடம் விவாதிக்க முடியாது. அவருக்குக் கம்பெனியும் கட்சிக்காரர். சொந்தக் காசில் ஒரு குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் வாங்குங்கள். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன், ராஜினாமா கடிதம் எழுதும் முன். போகும்போது எல்லா ஐ-797-களும், கடைசி ஐ-94, பெர்ம் படிவத்தின் பிரதி, ஐ-140 ரசீது எண், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, புது ஆஃபரின் கடமைப் பட்டியல், துணைவரின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். பிள்ளைக்குப் பதினாறு வயது தாண்டியிருந்தால் அவருடைய பிறந்த தேதியையும் ஐ-140 எத்தனை நாள் நிலுவையில் இருந்தது என்பதையும் தனியாக எழுதிக் கொடுங்கள். 21 வயதானால் பிள்ளை உங்களோடு கிரீன் கார்டு பெற முடியாது; அந்த வயதைக் கணக்கிடும்போது ஐ-140 நிலுவையில் இருந்த நாட்கள் கழிக்கப்படும். 2025 ஆகஸ்ட் 15 முதல் அந்தக் கணக்குக்கு தாக்கல் தேதி அட்டவணையை எடுப்பதில்லை, இறுதித் தேதி (கிரீன் கார்டே கொடுக்கக்கூடிய தேதி) அட்டவணையைத்தான் எடுக்கிறார்கள். அதனால் 2023-இல் யாரோ போட்டுக் கொடுத்த கணக்கை நம்பாமல், அன்றைய புல்லட்டினை வைத்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.